விருந்தினருக்குக் கூடுதல் சேவைகள்: எதற்குக் காசு வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது?

மயிலை மாடிவீடு | ஜூலை 6, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியை ஒன்றரை வருடமாக நாள் வாடகைக்கு விடுகிறேன். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சின்னச் சமையலறை. கீழே நானும் அம்மாவும் இருக்கிறோம்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வயதான தம்பதி வந்து ஐந்து நாள் தங்கினார்கள். முதல் நாள் காலையில் அம்மா தாமாகவே டிகாக்‌ஷன் போட்டு இரண்டு டம்ளர் காபி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள். மறுநாள் இட்லியும் போனது. மூன்றாம் நாள் அந்த அம்மாளே இறங்கி வந்து, "நாளைக்கு ரவா உப்புமா கிடைக்குமா?" என்று கேட்டார். கிளம்பும்போது 2000 ரூபாயை மடித்து அம்மா கையில் வைத்தார். அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டதில் நோட்டெல்லாம் வாசல்படியில் விழுந்துவிட்டது. கொடுத்தவருக்கும் முகம் சிறுத்துப்போனது, அம்மாவுக்கும்தான். "வந்தவங்க கிட்ட சோத்துக்குக் காசு வாங்குவியா?" என்று அன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஆனால் எனக்கும் கட்டுப்படியாக வேண்டும். வாடகையை 300 ரூபாய் ஏற்றிப் பார்த்தேன், வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். டிபன், ஏர்போர்ட் கார், சீக்கிரம் வந்து இறங்குவது, துணி இஸ்திரி, இதெல்லாம் விருந்தினர்களே கேட்கிற விஷயங்கள். வேண்டியவர்கள் மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்று தனியாக ஒரு விலைப்பட்டியல் வைக்கலாமா? எதையெல்லாம் வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓ.எம்.ஆர். ஃபிளாட் | ஜூலை 6, இரவு 10.02

தாராளமாக வையுங்கள் மேடம். எனக்குப் பெருங்குடியிலும் சோழிங்கநல்லூரிலும் சேர்த்து மூன்று ஃபிளாட். வாடகையை மட்டும் நம்பியிருந்தால் அசோசியேஷன் மெயின்டனன்ஸ் கட்டவே மாதம் போய்விடும். காலை 7 மணிக்கு வந்தால் 800, மதியம் 3 மணி வரை இருந்தால் 600. ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு ஏசி மின்சாரத்தைத் தனி மீட்டர் வைத்து வாங்குகிறேன். யாரும் சண்டை போட்டதில்லை. முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பெசன்ட் நகர் அலை | ஜூலை 6, இரவு 10.30

எதை வேண்டுமானாலும் வையுங்கள், பிறந்தநாள் அலங்காரம் மட்டும் வேண்டாம். பலூன், கேக், விளக்குச்சரம் எல்லாம் சேர்த்து 2500 என்று போட்டேன். மூன்றாவது ஆர்டரிலேயே யாரோ கேக் மேல் பூவாணம் மாதிரி ஒன்றைக் கொளுத்தி, சீலிங்கில் கரி படிந்தது. பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்காமல் அடுத்த இரண்டு புக்கிங்கை விட்டுக்கொடுத்தேன். பார்ட்டி நடத்த இடம் தேடுகிறவர்கள்தான் அந்த வரியைப் பார்த்து வருகிறார்கள் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது.

ஆயிரம்விளக்கு | ஜூலை 7, காலை 6.15

தங்கச்சி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரீம்ஸ் சாலைப் பக்கம் ஒன்பது வருடமாக வீடு விடுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். அப்போலோவுக்கும் சங்கர நேத்ராலயாவுக்கும் மேற்கு வங்கம், அசாம், வங்கதேசம் என்று தூரத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். ஹோட்டல் சாப்பாடு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் அவர்கள் முதலில் கேட்பது சமையலறையைத்தான். அப்புறம் கடுகெண்ணெய் எங்கே கிடைக்கும், மீன் எங்கே வாங்கலாம் என்பார்கள்.

ஆரம்பத்தில் நானும் பெரிய பட்டியல் போட்டேன். குக்கருக்கு 100, கூடுதல் படுக்கைக்கு 400, வெந்நீர் பாட்டிலுக்கு 50. ஒரு நாள் கண்புரை அறுவை முடிந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். சில நாளைக்குக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது. பாத்ரூமில் தலைக்கு மேலே ஷவர்தான் இருந்தது. அவர் மகள் என்னிடம் வந்து, "அங்கிள், ஒரு பெரிய மக் கிடைக்குமா, அதற்கு எவ்வளவு?" என்று கேட்டாள். மக்குக்கு எவ்வளவு என்று அந்தப் பெண் கேட்டதும் எனக்கு உடம்பு கூசிப்போனது. எதற்கெடுத்தாலும் விலை எழுதி வைத்த வீட்டில் அவள் வேறு எப்படிக் கேட்பாள்? அன்று சாயங்காலமே பிளம்பரைக் கூப்பிட்டுக் கைஷவர் போட்டேன். அந்தப் பட்டியலையும் கிழித்துப்போட்டேன்.

இப்போது நான் பார்க்கிற கணக்கு வேறு. ஒரு வீட்டில் மனிதன் தங்க என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் வாடகைக்குள் வந்துவிட வேண்டும். பாத்திரம், குக்கர், போர்வை, குடிதண்ணீர் கேன், மே மாதத்து ஏசி எல்லாம் அதில் அடக்கம். சென்னையில் கத்திரி வெயிலில் ஏசிக்குத் தனிக் காசு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறொரு ஆள் தன் உழைப்பையோ பொருளையோ கொடுத்தால்தான் நடக்கும் என்கிற காரியத்துக்கு மட்டும் காசு. அந்தக் காசும் அந்த ஆளுக்கே போக வேண்டும்.

உதாரணத்துக்கு, எங்கள் தெருவில் வங்காளம் பேசத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய், டோக்கன் வாங்கி, டாக்டர் சொல்வதை அவர்கள் பாஷையில் சொல்வான். அரை நாளுக்கு 500. முழுக்க அவனுக்கே. சக்கர நாற்காலி, சாய்வு கட்டில் எல்லாம் மருத்துவ உபகரணக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். கடைக்காரர் பில்லை அப்படியே காட்டிவிடுவேன். எனக்கு இதில் ஒரு ரூபாய் கிடையாது. ஆனால் அதே குடும்பம் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது என் வீட்டுக்குத்தான் வருகிறது. அவர்கள் ஊரில் நாலு பேருக்கு என் நம்பரைக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. இந்த ஸ்கேன் சென்டருக்கு அனுப்பு, கமிஷன் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். கிட்டேயே சேர்க்காதீர்கள். நோயாளியின் பயத்தில் எடுக்கிற காசு அது.

ஓ.எம்.ஆர். ஃபிளாட் | ஜூலை 7, காலை 9.40

அண்ணா, நீங்கள் சொல்வது மனதைத் தொடுகிறது. ஆனால் ஏசி விஷயத்தில் என் பக்கத்தையும் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். வீட்டில் ஆள் இல்லாதபோதும் ஓடவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் தாண்டினால் கடைசி யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கும் கூடுதல் வீதம் வந்துவிடுகிறது. இரண்டு நாள் தங்குகிறவரிடம் நான் கேட்பதில்லை. மாதக்கணக்கில் இருப்பவரிடம் மட்டும்தான். மீட்டர் வைத்த பிறகு அவர்களே அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆயிரம்விளக்கு | ஜூலை 7, காலை 10.05

மாதக் கணக்கு என்றால் நீங்கள் சொல்வது நியாயம்தான் தம்பி. அது வாடகைக்கு இருப்பது மாதிரி. நான் இரண்டு நாள், மூன்று நாளைக்குச் சொன்னேன்.

நெல்லைப் பயணி | ஜூலை 7, மதியம் 1.20

நான் வீடு விடுகிறவன் இல்லை, தங்க வருகிறவன். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

மகளின் அமெரிக்க விசாவுக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஒரே வருடத்தில் இரண்டு தடவை குடும்பத்தோடு வந்தோம். ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலையில் எழும்பூர். பெரும்பாலான வீடுகளில் 1 மணிக்கோ 2 மணிக்கோதான் சாவி. ஆறு மணிக்கு இறங்கி ஏழு மணி நேரம் எங்கே போவது? முதல் தடவை ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலிலேயே பல் விளக்கி, அங்கேயே புடவை மாற்றிக்கொண்டாள் என் மனைவி. மகள் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஃபைலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை வீட்டுக்காரர் ஒருவர், "மாடி மதியம்தான் காலியாகும், ஆனால் கீழே ஒரு அறையும் பாத்ரூமும் இருக்கிறது, குளித்துவிட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள், நாலு பேருக்கும் சேர்த்து 300 ரூபாய்" என்றார். வெந்நீர் போட்டுத் துண்டும் வைத்திருந்தார். அன்று அவர் 1000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அப்புறம் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் போன், பை எதையும் கொண்டுபோக முடியாது. முதல் தடவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நான் நடைபாதையில் நின்றேன். இரண்டாம் தடவை அதே வீட்டுக்காரர், "போனை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும், காகிதம் மட்டும் கையில் இருந்தால் போதும்" என்றார். காகிதத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தது, அதையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். பிரின்டுக்குக் காசு வாங்கவில்லை.

எங்களுக்குக் கோபம் வருவது ஒரே இடத்தில்தான். வந்து இறங்கின பிறகு, கையில் பெட்டியோடு நிற்கும்போது புதுசாக ஒரு கட்டணம் சொல்வார்கள் பாருங்கள், அங்கே. ஊரிலேயே சொல்லியிருந்தால் யோசித்திருப்போம். அந்த நேரத்தில் வேறு எங்கே போக முடியும்?

மயிலை மாடிவீடு | ஜூலை 7, மதியம் 2.00

சார், இது எனக்குத் தோன்றவே இல்லை. சீக்கிரம் வரலாமா என்று கேட்கிறவர்களிடம் முடியாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் ஆள் 11 மணிக்குப் போய், வீட்டைக் கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்ற இரண்டரை மணி நேரம் ஆகிறது. ஆனால் கீழே எங்கள் வாசல் அறை சும்மாதான் கிடக்கிறது. அதை ஒட்டி ஒரு பாத்ரூமும் உண்டு.

ஓ.எம்.ஆர். தம்பி, நீங்கள் 7 மணிக்கு எப்படி விடுகிறீர்கள்? முந்தின ஆள் இருந்தால்?

ஓ.எம்.ஆர். ஃபிளாட் | ஜூலை 7, மாலை 4.45

இருந்தால் விட முடியாது மேடம். முந்தின ராத்திரி காலியாக இருந்தால் மட்டும்தான். முன்கூட்டிக் கேட்டு உறுதி செய்தால் அந்த ராத்திரியை வேறு யாருக்கும் கொடுக்காமல் மூடி வைக்கிறேன், அந்த நஷ்டத்துக்குத்தான் 800. முந்தின நாள் மாலை வரை யாரும் எடுக்காமல் தானாகவே காலியாகக் கிடந்தால் சும்மாவே விட்டுவிடுவேன். அன்று எனக்கு எந்தச் செலவும் இல்லையே. நெல்லை சார் சொன்ன குளியல் அறை யோசனை என் ஃபிளாட்டில் நடக்காது. தனி வீட்டுக்குப் பொருத்தம்.

மஞ்சள் போர்டு | ஜூலை 7, இரவு 11.50

டாக்சி ஓட்டுகிறவன். ஏர்போர்ட் கார் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

முதல் விஷயம், உங்கள் சொந்தக் காரில் காசு வாங்கி ஆளை ஏற்றாதீர்கள். வெள்ளை நம்பர் பிளேட் வண்டிக்கு வாடகைக்கு ஓட்ட பர்மிட் கிடையாது. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். ஸ்கூட்டரை விருந்தினருக்கு வாடகைக்குக் கொடுப்பதும் அப்படித்தான், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

இரண்டாவது, பகலில் வருகிறவருக்கு உங்கள் கார் தேவையே இல்லை. ஏர்போர்ட்டிலேயே மெட்ரோ இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுங்கள், உங்களை வாழ்த்துவார்கள். வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் நிறைய நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள் இறங்கும். மெட்ரோ ராத்திரி 11 மணியோடு முடிந்துவிடும். ஆப் வண்டி பிடிக்க வேண்டுமென்றால் டிராலியைத் தள்ளிக்கொண்டு மல்டி லெவல் பார்க்கிங்குக்குப் போக வேண்டும். வயசானவர்களுக்கு அந்த நேரத்தில் பெயர் அட்டை பிடித்து ஒரு ஆள் நின்றால் பெரிய நிம்மதி.

மூன்றாவது, எங்களிடம் நேரம் சொல்லாதீர்கள், விமான எண்ணைச் சொல்லுங்கள். 2 மணிக்கு வருகிற விமானம் 3.30-க்கு வரும். அதற்கு மேல் இமிக்ரேஷன், பெட்டி என்று ஒரு மணி நேரம். எண் இருந்தால் நான் போனில் பார்த்துக்கொண்டு அதற்கேற்ற மாதிரி கிளம்புவேன். பார்க்கிங் கட்டணம் ஏறாது, காத்திருப்புச் சண்டையும் வராது.

பெட்டி எத்தனை என்றும் கேளுங்கள். இப்போது நிறைய டாக்சியில் டிக்கியில் பாதியை சிஎன்ஜி சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் போகாது. ஒரு தடவை நாலு பெட்டியோடு ஒரு குடும்பம். இரண்டைப் பின்சீட்டில் வைத்து, பாட்டியை முன்னால் உட்காரவைத்து, மகனையும் மருமகளையும் வேறு வண்டியில் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கேரியர் வண்டி அனுப்பியிருப்பேன்.

மயிலை மாடிவீடு | ஜூலை 8, காலை 7.30

ரொம்ப நன்றி அண்ணா. விமான எண், பெட்டிக் கணக்கு இரண்டையும் குறித்துக்கொண்டேன். உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

டிபன் பற்றி யாராவது சொல்லுங்களேன். அம்மாவின் கோபம் இன்னும் தணியவில்லை.

வரவு செலவு | ஜூலை 8, காலை 11.15

கணக்கு பார்க்கிறவன். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

காசு வாங்கிச் சாப்பாடு கொடுத்தால் அது உணவு வியாபாரம். சின்ன அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு எடுத்துக் கொடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டினோம், பெரிய செலவில்லை. பலருக்குத் தெரியாதது சிலிண்டர். வீட்டுக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர். தினமும் டிபன் விற்பதானால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வரி. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன வீட்டுக்காரரின் அறை வாடகைக்கு, புக்கிங் எடுக்கிற ஆன்லைன் தளமே விருந்தினரிடம் ஜிஎஸ்டி வாங்கிக் கட்டிவிடும். இரவுக்கு 7500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆனால் நீங்கள் நேரடியாக வாங்குகிற டிபன் காசும் கார் காசும் உங்கள் வரவு. வருமான வரியில் காட்ட வேண்டும், ஜிஎஸ்டிக்கான 20 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போதும் சேரும். அதனால் டிரைவர், இஸ்திரிக்காரர், மெஸ் மூன்றுக்கும் விருந்தினரே நேரடியாக ஜிபே செய்யட்டும். உங்கள் கணக்கில் வந்து போக வேண்டியதில்லை.

கட்டாயக் கட்டணம் எதையும் தளத்துக்கு வெளியே வாங்காதீர்கள். துப்புரவுக் கட்டணம் போன்றவை முதலிலேயே காட்டுகிற விலையில் இருக்க வேண்டும். விருப்பமிருந்தால் மட்டும் எடுத்துக்கொள்வதைத் தளத்தில் போடுகிற வீட்டு விவரத்திலேயே தொகையோடு எழுதிவிடுங்கள்.

ஆயிரம்விளக்கு | ஜூலை 8, மதியம் 12.00

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கிற படிவத்தை (முன்பு சி படிவம் என்பார்கள்) ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அது நம் கடமை. அதற்கு 500 ரூபாய் சேவைக் கட்டணம் வாங்கின ஒருவரை எனக்குத் தெரியும். நம் கடமையைச் செய்ய அவர்களிடம் கூலி கேட்பது அநியாயம்.

பெசன்ட் நகர் அலை | ஜூலை 8, மாலை 5.10

மயிலை அக்கா, டிபனுக்கு என் வழியைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டிலேயே மெஸ் நடத்துகிற மாமி ஒருவர் இருக்கிறார், பதிவெல்லாம் வைத்திருக்கிறார். அவருடைய பட்டியலை அவர் விலையோடு கூடத்தில் ஒட்டியிருக்கிறேன். முந்தின ராத்திரி 8 மணிக்குள் அவருக்கு வாட்சப் செய்தால் காலை 7.30-க்கு எவர்சில்வர் கேரியரில் வந்துவிடும். இட்லி நாலு, வடை ஒன்று, சட்னி, சாம்பார் 90 ரூபாய். நான் நடுவில் வருவதே இல்லை.

உங்கள் அம்மா கொடுத்தது அவர்களுடைய பிரியம். அதற்கு விலை போட்டால் அம்மாவுக்கு அது வேலையாகிவிடும். நாளைக்கு யாராவது உப்பு கம்மி என்று நாலு நட்சத்திரம் போட்டால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்?

மயிலை மாடிவீடு | ஜூலை 8, இரவு 8.40

அந்தக் கடைசி வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உப்பு கம்மின்னு எவ சொல்லுவா?" என்றார்கள். இப்போது பேசுகிறார்கள்.

மயிலை மாடிவீடு | அக்டோபர் 11, மாலை 6.30

மூன்று மாதம் ஆகிறது. என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வீட்டு விவரத்தில் நான்கே வரிகள். வாசல் அறையில் குளித்துப் பெட்டி வைக்க, ஒரு குடும்பத்துக்கு 300. முந்தின ராத்திரியை மூடி வைத்து விடிகாலையில் சாவி தர 900. ராத்திரி ஏர்போர்ட் கார், காசு டிரைவருக்கே. டிபன் பக்கத்துத் தெரு மெஸ்ஸிலிருந்து, காசு அவர்களுக்கே. துணிக்கு, மூலையில் நிற்கிற இஸ்திரி வண்டிக்காரரின் நம்பரை மட்டும் கொடுக்கிறேன்.

அதிகம் பேர் எடுத்தது 300 ரூபாய் குளியல்தான். மொத்தம் 14 குடும்பம். 900 ரூபாய் சாவியை மூன்றே பேர் எடுத்தார்கள். கையில் வந்தது 6900. பெரிய தொகை இல்லை. ஆனால் "வாசல் அறை இருக்கிறதா?" என்று கேட்டு முடிவு செய்து வருகிறவர்கள் வருகிறார்கள், அதனால் வார நாட்களும் நிரம்புகின்றன. ஒரு தவறும் செய்தேன். முதல் மாதம் துண்டுக்குத் தனியாக 40 ரூபாய் என்று போட்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் ஈரத் தலையோடு வெளியே வந்து, "துண்டு காசுக்குன்னு போட்டிருந்துச்சு, அதான் கேக்கலை" என்றார். அன்றே அந்த வரியை எடுத்துவிட்டேன்.

முதல் நாள் காலைக் காபி அம்மாவுடையது. அதைப் பட்டியலில் எழுதவில்லை, யாருக்கும் சொல்வதும் இல்லை. அம்மாவுக்கு முடிகிற அன்று போகும், முடியாத அன்று போகாது. சிங்கப்பூர் தம்பதி மார்கழிக்கு மறுபடி பத்து நாள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அம்மாள் இந்த முறை பணம் எதுவும் கொடுக்க மாட்டேன், அங்கிருந்து என்ன வாங்கி வர என்று மட்டும் கேட்டிருக்கிறார். அம்மா தைலம் சொல்லியிருக்கிறார்கள்.

மஞ்சள் போர்டு அண்ணா, அவர்களுக்குத் தினமும் சாயங்காலம் கச்சேரி. மியூசிக் அகாடமியிலிருந்து ராத்திரி திரும்பி வர வண்டி வேண்டும். கிட்டத்துச் சவாரிதான், ஆனால் அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. டிசம்பர் கடைசி பத்து நாள், உங்களால் முடியுமா?

மஞ்சள் போர்டு | அக்டோபர் 12, அதிகாலை 1.15

வருகிறேன் தங்கச்சி. ஏர்போர்ட் சவாரி 11 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், அதற்கு முன்னால் இதை முடித்துவிடலாம். இதற்கு விமான எண் கிடையாது, அதனால் கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். டி.டி.கே. சாலையில் அந்த நேரம் நிறுத்த இடம் இருக்காது. வாசலில் படி இல்லாத பக்கமாக வந்து ஏற்றிக்கொள்கிறேன்.